எண்பது மூட்டை உப்பும் ஒரு வாக்கியமும்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு தப்பில் பிறந்தது. தப்பு என்னுடையது. இன்று காலை எட்டரைக்கும் பத்துக்கும் இடையில், உப்பு ஆலையின் மூட்டை கட்டும் கொட்டகையில், எண்பது மூட்டைகளின் வாயைத் தப்பான நூலால் தைத்துவிட்டேன். அந்த எண்பதும் இப்போது என் முதுகுக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் குலுங்கிக்கொண்டு வருகின்றன. நான் லாரியின் முன் இருக்கையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் சாலையைத் திட்டுங்கள்.

லாரி ரொட்டிக் கம்பெனிக்குப் போகிறது. போய்ச் சேர்வதற்குள் ஓட்டுநரிடம் நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். "மாமா, நூல் மாறிப்போச்சு." மொத்தம் மூன்று சொல். மாமாவை விட்டுவிட்டால் இரண்டு.

இருபது நிமிடமாக அந்த இரண்டு சொல்லைத் தொண்டையில் வைத்துக்கொண்டு எழுபது சொல் எழுதிவிட்டேன். என் பிழைப்பு இப்படித்தான் இருக்கிறது.

2

கதையைக் கடலிலிருந்து தொடங்கலாம் என்று நினைத்தேன்.

"கடல் தண்ணீரைப் பாத்தியில் விட்டு, வெயிலிடம் ஒப்படைத்துவிட்டு, மனிதர்கள் காத்திருந்தார்கள். ஒரு நாள் காலை பார்த்தால் தண்ணீர் போயிருந்தது, கடல் மட்டும்"

இல்லை. இது பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது. நான் பாடப்புத்தகத்தை ஒன்பதாம் வகுப்போடு மூடிவிட்டேன். (ஏன் என்பதை அடிக்குறிப்பில் சொல்கிறேன். அடிக்குறிப்புக்கு இடம் இருந்தால்.)

சரி, கதாநாயகியிலிருந்து தொடங்கலாம்.

"மூட்டை தைக்கும் பெண் இடுப்பில் கை வைத்து லாரியின் முன்னால் நின்றாள். காதில் ஜிமிக்கி ஆடியது. 'லாரியை நிறுத்துங்க' என்றாள். ஆலையே"

இவளை நான் நம்பவில்லை. இப்படி நிற்கத் தெரிந்தவள் முதலில் நூலை மாற்றியிருக்கவே மாட்டாள். காலையில் மேற்பார்வைக்காரி சொன்னது காதில் விழவில்லை என்றால், "திருப்பிச் சொல்லுங்க" என்று கேட்டிருப்பாள். இவளை வேலையிலிருந்து நிறுத்துகிறேன். ஜிமிக்கியை மட்டும் வைத்துக்கொள்கிறேன், நன்றாக இருக்கிறது.

ஆகவே கதாநாயகி நான்தான். வேறு ஆள் கிடைக்கவில்லை. உப்புக்குச் சப்பாணியாக நின்றவளை ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

3

நூல் விஷயத்தை விளக்காமல் மேலே போக முடியாது. சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

ஒரே பாத்தியில் இரண்டு உப்பு விளைகிறது. மேலே படிவது வெள்ளை. அதைக் கழுவி, உலர்த்தி, அயோடின் தெளித்தால் சாப்பாட்டு உப்பு. அடியில் தரையோடு ஒட்டிக்கிடப்பது சாம்பல் நிறம். அது தொழிற்சாலைக்கு. சாயப்பட்டறை கேட்கும், ஐஸ் கம்பெனி கேட்கும், சோப்புக்காரன் கேட்பான். எல்லோரையும்விட அதிகமாகக் கேட்பது தோல் பதனிடும் இடம். அவர்களுக்குப் போகும் உப்பில் தோல் புழுக்காமல் இருக்க ஒரு பொடியும் கலக்கிறோம். அதை நாய்கூட நக்காது. நக்கிய ஒரு நாய் இரண்டு நாள் எங்கள் கொட்டகைப் பக்கமே வரவில்லை.

யோசித்துப் பார்த்தால் தலை சுற்றுகிறது. உங்கள் தட்டில் இருப்பது அக்கா, உங்கள் செருப்பில் இருப்பது தங்கை. இரண்டும் ஒரே நாளில் பிறந்தவை, ஒரே வாருகோலால் இழுத்துக் குவிக்கப்பட்டவை, ஒரே லாரியில் ஊருக்குப் போகிறவை. ஒன்று வாய்க்குள்ளே போகிறது, இன்னொன்று காலுக்குக் கீழே போகிறது. நடுவில் இருக்கும் ஒரே வித்தியாசம் நான் தைக்கும் நூல்தான். எங்கள் ஆலையின் சாக்குகளில் எழுத்து கிடையாது. சாப்பாட்டு உப்புக்கு வெள்ளை நூல், தோல் உப்புக்குச் சிவப்பு நூல். ஏற்றுகிறவரும் இறக்குகிறவரும் வாங்குகிறவரும் நூலைத்தான் பார்ப்பார்கள். மூட்டைக்குள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

தினமும் முதலில் தோல் உப்பு வரும், நாற்பது மூட்டை, சிவப்பு. பிறகு சாப்பாட்டு உப்பு நாற்பது, வெள்ளை. லாரி முதலில் ரொட்டிக் கம்பெனியில் வெள்ளையை இறக்கும், அடுத்து தோல் பதனிடும் இடத்தில் சிவப்பை. ஐந்து மாதமாக இதே வரிசை. இன்று உலர்த்தும் எந்திரம் சீக்கிரமே முடித்துவிட்டதால் சாப்பாட்டு உப்பு முதலில் வரும் என்று சித்தி காலையில் என்னிடம் சொன்னாளாம். சித்திதான் கொட்டகையின் மேற்பார்வைக்காரி. என்னை வேலைக்குச் சேர்த்தவளும் அவள்தான். "வாயைத் திறக்க மாட்டா, ஆனா கை சுத்தம்" என்று முதலாளியிடம் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். சித்தி சொன்னபோது நான் தலையாட்டினேன். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவேன். அந்த நேரம் என் தலைக்குள் ஒரு வாக்கியம் வந்திருந்தது:

"கடல் ஒரு நாள் தன் உப்பைத் திருப்பிக் கேட்டு ஊருக்குள் வந்தது."

நல்ல வாக்கியம் இல்லையா? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வந்த கடல் யார் வீட்டுக் கதவை முதலில் தட்டும், சமையலறையில் ஜாடியைக் காட்டி என்ன பேசும் என்று யோசித்துக்கொண்டே பழக்கதோஷத்தில் சிவப்பு நூலை மாட்டி, சாப்பாட்டு உப்பைத் தைத்தேன். பிறகு வெள்ளையை மாட்டி, நாய் நக்காத உப்பைத் தைத்தேன். ஒரு தையல்கூடப் பிசகவில்லை. கை சுத்தம்.

4

தெரிந்தது எப்படி என்றால், மெஷினைத் துடைக்கும்போது பார்த்தேன், அதில் வெள்ளை நூல் மாட்டியிருந்தது. தரையில் சிந்திக்கிடந்தது சாம்பல் உப்பு. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். வெளியே லாரி உறுமியது.

ஓடினேன். நான் ஓடியதை யாரும் பார்த்ததில்லை என்பதால் எல்லோரும் பார்த்தார்கள். லாரிக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன். அடுத்து பேச வேண்டும். வாய் திறந்தது, காற்று மட்டும் வந்தது. கன்னத்தில் கை வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

சித்தி ஓடி வந்து, "என்னடி, பல்லு வலியா?" என்றாள்.

நான் தலையாட்டினேன்.

பேசாதவளுக்கு மற்றவர்கள் கதை எழுதிவிடுகிறார்கள். அதுவும் எவ்வளவு வேகமாக எழுதுகிறார்கள்! ஒரே நிமிடத்தில் எனக்குக் கடைவாய்ப் பல் சொத்தையாகி, நேற்று இரவு தூங்காமல் அழுது, நகரத்துப் பல் வைத்தியரிடம் போவதாக முடிவாகிவிட்டது. கொட்டகையில் இருந்த ஒரு அக்கா நான் அழுததைத் தன் காதால் கேட்டதாகவே சொன்னாள். நான் ஒரு முதல் வரிக்கு மூன்று நாள் எடுத்துக்கொள்கிறேன், இவர்கள் முழுக் கதையையும் நின்ற நிற்பில் முடித்துவிட்டார்கள். பொறாமையாக இருந்தது.

5

ஓட்டுநரைப் பற்றி. எல்லோரும் அவரை ஹாரன் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். முன்னால் மாடு நின்றாலும் அடிப்பார், மேகம் நின்றாலும் அடிப்பார். பெரிய தொப்பை, அதற்கும் ஸ்டீயரிங்குக்கும் இடையில் ஒரு நாளிதழ்கூட நுழையாது.*

* பின்னால் சேர்த்தது: இதை மாமா ஒப்புக்கொள்ளவில்லை. வாரப் பத்திரிகையே நுழையுமாம். அவருக்கு இது எப்படித் தெரிந்தது என்பது ஏழாம் பகுதியில்.

முதல் கொஞ்ச தூரம் அவர் என்னைப் பாப்பா என்று கூப்பிட்டு, கிராம்பை எங்கே வைத்துக் கடிக்க வேண்டும் என்று விளக்கினார். நான் தலையாட்டிக்கொண்டே இந்த நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன். வாக்கியத்தைச் சொல்ல முடியாவிட்டால் எழுதியாவது பழகலாம் என்ற எண்ணம்.

அவர் பேச்சு நின்றது. ஓரக்கண்ணால் நோட்டைப் பார்த்தார். மறுபடி சாலையைப் பார்த்தார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

பிறகு நடந்ததை நம்ப மாட்டீர்கள். ஹாரன் மாமா ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டார். வேகம் பாதியாகக் குறைந்தது. ஆளே இல்லாத முச்சந்தியில் லாரியை நிறுத்தி, வலது இடது பார்த்து, யாருக்கோ வழிவிட்டார். யாரும் இல்லை என்பதால் அந்த 'யாரோ' போக நேரமாயிற்று. சைக்கிளில் ஒருவர் எங்களை முந்திக்கொண்டு போனார். திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

அவரும் எனக்கு ஒரு கதை எழுதிவிட்டார் என்று புரிந்தது. பல்வலியெல்லாம் வேஷம், நான் முதலாளி அனுப்பிய உளவாளி, அவர் ஓட்டும் லட்சணத்தை வரிவரியாகக் குறித்துக்கொண்டிருக்கிறேன். பாப்பாவாக இருந்தவள் மேடம் ஆகிவிட்டேன். காற்று வருகிறதா, கண்ணாடியை ஏற்றவா என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

நான் எழுத எழுத லாரி மெதுவாகிறது. நிறுத்தினால் கொஞ்சம் வேகம் பிடிக்கிறது. இதோ பேனாவைத் தூக்கிப் பார்த்தேன். சத்தியமாக வேகம் பிடிக்கிறது. உலகத்தில் எந்த எழுத்தாளருக்கும் பேனாவில் பிரேக் இருந்திருக்காது.

6

இந்தக் கண்டுபிடிப்பால் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. விடாமல் எழுதிக்கொண்டே இருந்தால் ரொட்டிக் கம்பெனிக்குப் போய்ச் சேரவே மாட்டோம். நூறு நோட்டு எழுதலாம். லாரி நத்தையாகி, பிறகு கல்லாகி, சாலையோரம் ஒரு சின்னக் குன்றாக நின்றுவிடும். அந்த வழியாகப் போகிறவர்கள், "இது ஒரு காலத்தில் உப்பு லாரி" என்பார்கள்.

இந்த முடிவு பிடிக்கவில்லையா? வேறு இருக்கிறது.

முடிவு அ: மழை. உப்பு விற்கப் போனால் மழை பெய்யும் என்று சொல்வார்கள். மூட்டையெல்லாம் கரைந்து சாலையெல்லாம் உப்புத் தண்ணீர், எந்த நூலில் எது இருந்தது என்று யாருக்கும் தெரியாது. வெளியே பார்த்தேன். வானம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி பளபளக்கிறது. பழமொழியும் அவசரத்துக்கு உதவவில்லை.

முடிவு ஆ: டயர் வெடித்து, (இல்லை. ஆறும் போன வாரம்தான் மாற்றியது என்று மாமா சற்று முன் தானாகவே சொன்னார், மேடம் குறித்துக்கொள்வதற்காக.)

முடிவு இ: நான் எதுவும் சொல்லவில்லை. ரொட்டிக் கம்பெனியில் வெள்ளை நூல் மூட்டைகளை இறக்கி, பிரித்து, நேராக உப்புக் கரைக்கும் தொட்டியில் கொட்டுகிறார்கள். அதிலிருந்துதான் மாவுக்குப் போகிறது. மத்தியானம் மாவு, ராத்திரி அடுப்பு, நாளைக் காலை ஊர் முழுக்க ஒவ்வொரு வீட்டு மேஜையிலும் ஒரு துண்டு. இந்த முடிவை ஒரு வரிக்கு மேல் எழுதக் கை வரவில்லை. நாலு வரி எழுதியிருக்கிறேன், மன்னியுங்கள்.

இந்தப் பகுதியில் மட்டும் சிரிப்பு வரவில்லை.

7

ரயில்வே கேட் மூடியிருந்தது. மாமா எஞ்சினை அணைத்தார். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"மேடம், மூணு தடவை பக்கம் திருப்பிட்டீங்க. அவ்வளவு தப்பா நான் என்ன பண்ணேன்? ஒண்ணு ரெண்டு சொல்லுங்க, திருத்திக்கறேன்."

பாவமாக இருந்தது. நோட்டை அவரிடம் நீட்டினேன்.

இதுவரை யாரிடமும் காட்டாத நோட்டு இது. அரிசி டப்பாவில் பதினொன்று இருக்கிறது, பன்னிரண்டாவது இது. காது சூடாகியது.

அவர் வாங்கி முகத்தருகே வைத்தார், தள்ளினார், கை நீளும் மட்டும் நீட்டினார், கடைசியில் ஜன்னலுக்கு வெளியே பிடித்துக்கொண்டு கண்ணைச் சுருக்கினார். "கண்ணாடி வீட்டுல இருக்கு. மைல்கல்லுன்னா படிச்சுருவேன். இதென்ன, தொ... தொப்பை?"

நோட்டு என் மடிக்குத் திரும்பி வந்தது.

"படி," என்றார். மேடம் போய்விட்டது.

ரயில் வந்தது. நீளமான சரக்கு ரயில். அதன் சத்தம் இருக்கும்வரைதான் தைரியம் என்று தெரிந்ததால் வேகமாகப் படித்தேன். முதல் பகுதியைப் படித்தேன், ஜிமிக்கிக்காரியைப் படித்தேன், நாயைப் படித்தேன். கடைசிப் பெட்டி போன பிறகும் என் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. அது என் குரல்தானா என்று நானே திரும்பிப் பார்த்தேன். கேட் திறந்தது, பின்னால் இருந்த வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தன, ஹாரன் மாமா அசையவில்லை. தொப்பை வந்த இடத்தில் மட்டும் குறுக்கிட்டுத் திருத்தம் சொன்னார்.

முடித்ததும் சாவியைத் திருகினார். கேட்டைத் தாண்டியதும் கேட்டார்:

"அப்போ எம்மேல புகார் ஒண்ணும் இல்லியா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

ஒரு நிமிடம் முழுதும் ஹாரன் அடித்தார். காலையிலிருந்து அடக்கிவைத்தது மொத்தமும் வெளியே வந்தது. மரத்திலிருந்த காகங்கள் பறந்தன. லாரி பறந்தது. உண்மையைச் சொன்னதால் எனக்குக் கிடைத்த முதல் பலன், ரொட்டிக் கம்பெனிக்கு இரண்டு மடங்கு வேகத்தில் போய்ச் சேர்வதுதான்.

8

(எழுத்து மிகவும் மோசமாக இருக்கும். அவர் வளைவுகளில்கூட மெதுவாக்கவில்லை.)

மாமாவும் ஒரு முடிவு சொன்னார். பேசாமல் மூட்டைகளை மாற்றி இறக்கிவிடலாம். சிவப்பை ரொட்டிக்கு, வெள்ளையைத் தோலுக்கு. உப்பு சரியான வாய்க்குப் போய்விடும், யாருக்கும் தெரிய வேண்டாம். கேட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, அவ்வளவு அழகான முடிவு. அவரே அதைக் கலைத்தார். ரொட்டிக் கம்பெனியின் ஸ்டோர் அம்மா ஆள் முகத்தைப் பார்க்காது, நூலைத்தான் பார்க்கும். சிவப்பு நூலைக் கண்டால் வாசலிலேயே திருப்பிவிடும், திருப்பிய கையோடு ஆலைக்குப் போன் பண்ணும். போனை எடுப்பது சித்தி. சரக்கு ஏற்றிய சீட்டில் இருப்பதும் சித்தியின் கையெழுத்து.

அப்படியானால் மாமாவே ஸ்டோர் அம்மாவிடம் சொல்லலாமே என்று எழுதிக் காட்டினேன். (கண்ணாடி இல்லை என்பது மறந்துவிட்டது. பிறகு வாயால் சொன்னேன். இன்று நான் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.)

"நான் சொன்னா, வழியில நான் என்னமோ பண்ணிட்டு நூல் மேல பழி போடறேன்னு நினைப்பாங்க," என்றார். "உங்க சித்தி சொன்னா, மேற்பார்வை சரியில்லைம்பாங்க. தைச்சவ சொன்னாத்தான் அது நூல் தப்பு. வேற யார் சொன்னாலும் ஆள் தப்பு."

பிறகு, யோசித்துவிட்டு, "எதுக்குத் தப்பா தைச்சேன்னு அந்த அம்மா கேக்கும். அதுக்கும் பதில் வச்சுக்கோ," என்றார்.

பதில் இருக்கிறது. கடல் ஒரு நாள் தன் உப்பைத் திருப்பிக் கேட்டு ஊருக்குள் வந்தது. அதை ஒரு ஸ்டோர் அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள்.

9

வாசலுக்கு வந்துவிட்டோம். முன்னால் சர்க்கரை லாரி ஒன்று நிற்கிறது. அது இறக்கி முடித்ததும் நாங்கள். ரொட்டி வாசனை இங்கேவரை வருகிறது. இப்படி ஒரு வாசனையை வைத்துக்கொண்டு யாராவது மனிதரை யோசிக்கச் சொல்வார்களா?

ஸ்டோர் அம்மா தெரிகிறார். மாமா சொன்னது சரி, யார் முகத்தையும் பார்க்கவில்லை. சர்க்கரை மூட்டையின் தையலில் சரியான முனையைத் தேடி எடுத்து, ஒரே இழுப்பில் முழுத் தையலையும் சரசரவென்று பிரிக்கிறார். தப்பான முனையை இழுத்தால் முடிச்சு விழும். அவர் ஒரு தடவைகூடத் தப்பான முனையை இழுக்கவில்லை. இப்படி ஒருவரிடம் போய்த்தான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சொல்லப்போவதன் வரைவுகள்:

"அம்மா, ஒரு சின்ன..." சின்னது இல்லை.

"அம்மா, தப்பா நினைக்கலேன்னா..." நினைக்கத்தான் வேண்டும், தப்புதானே.

"அம்மா, எங்க மேற்பார்வைக்காரிக்கு இதுல எந்த..." கேட்காததற்கு ஏன் பதில்?

"அம்மா, நீங்க கதை படிப்பீங்களா?" வேண்டாம், வேண்டாம்.

"சிவப்பு நூல்ல இருக்கறதுதான் உங்க உப்பு. வெள்ளையைத் தொடாதீங்க. தைச்சது நான்."

இதுதான். ஒரு சொல்கூட எடுக்க முடியவில்லை, சேர்க்கவும் முடியவில்லை. இதுவரை எழுதியதிலேயே நல்ல வாக்கியம் இதுவாக இருக்கலாம். கடல் மன்னிக்கட்டும்.

சர்க்கரை லாரி கிளம்புகிறது. மாமா எங்கள் லாரியை அதன் இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இறங்கச் சொல்லவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. ஒருமுறை, மிக மெதுவாக, ஹாரனைத் தொட்டார்.

பின்பக்கம் தார்ப்பாயை அவிழ்க்கும் சத்தம் கேட்கிறது.

10

படிக்கிறவரே, முடிவை உங்களிடம் ஒப்படைக்கப் போகிறேன். எனக்கு எழுதத் தெரியாததால் இல்லை, இன்னும் ஆறு முடிவு கைவசம் இருக்கிறது. இந்த முடிவு கையால் ஆகிற வேலை இல்லை என்பதால். எழுதிக்கொண்டே இருக்கும்வரை நான் இருக்கையில்தான் இருக்கிறேன். ஆகவே நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். வழி சுலபம்: இந்த வரிக்குக் கீழே இன்னொரு வரி இருந்தால், நான் இறங்கவில்லை என்று அர்த்தம்.

சரி, இறங்கவில்லை. செருப்பு ஒன்று இருக்கைக்கு அடியில் போய்விட்டது.

கிடைத்துவிட்டது. முதல் மூட்டையை இறக்கி வைத்துவிட்டார்கள். வெள்ளை நூல். ஸ்டோர் அம்மா குனிந்து முனையைத் தேடுகிறார். கதவைத் திறந்துவிட்டேன், இடது கையால். வலது கையில் இன்னும் பேனா இருக்கிறது. ஒரு கால் வெளியே. கீழே பாருங்கள், இன்னும் ஏதாவது எழுதியிருக்கிறேனா என்று.